சுகம் என்று எழுதிய குழாய்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பேராசிரியர் சட்டைக் கையைச் சுருட்டுவார். சுருட்டுவதற்கு முன் ஆராய்ச்சிக்கூடத்தின் கதவை அகலத் திறந்து வைக்கச் சொல்வார். காற்று வருவதற்காக இல்லை. நடையில் போகிறவர்கள் பார்க்கத் தவறிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

"நோயாளி ரத்தத்தை எதோட ஒப்பிடறது? சுகமான ரத்தத்தோட. சுகமான ரத்தத்துக்கு எங்க போறது?" என்று புதிதாகச் சேர்ந்த மாணவர்களைப் பார்த்துக் கேட்பார். பதிலுக்காக அவர் காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. "வயசு அறுபத்தொண்ணு. நாலு மாடி லிஃப்ட் இல்லாம ஏறுறேன். தும்மல்கூட வந்தது கிடையாது. ம், எடுத்துக்கோம்மா!"

எடுத்துக்கொள்ள வேண்டியவள் தட்டம்மா. பதினாறு வருடமாகக் கண்ணாடித் தட்டுகளில் தசை வளர்ப்பவள் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள் ஊசியை ஏற்றுவாள், ரத்தம் இறங்கும், மாணவர்களில் ஒருவன் படம் எடுப்பான். பிறகு ரத்தத்தைத் தெளிய வைத்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரை நூறு சின்னக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் 'சுகம்' என்று எழுதி உறைபெட்டியில் அடுக்குவாள். பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சுத்த ரத்தம்' என்று பெயர். அது காதில் விழுந்தபோது அவர் சந்தோஷப்பட்டார் என்பதுதான் வேடிக்கை.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பிழைப்பு ஒரே ஒரு நோயை நம்பியிருந்தது. நரம்பு 'இழு' என்று சொல்கிறது, தசை கேட்டு இழுக்கிறது. கேட்பதற்குத் தசையின் மேல் பல்லாயிரம் நுண்ணிய காதுகள் உண்டு. இந்த நோயில் ஆளுடைய சொந்த ரத்தமே காவல் காக்கும் வேலையை மறந்து, அந்தக் காதுகளைப் பிடுங்கி எறிகிறது. முதலில் கண் இமை இறங்கும். அப்புறம் குரல், மெல்லுதல், விழுங்குதல். கடைசியில் மூச்சு.

ரத்தத்தில் அந்தப் பிடுங்கிப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, 'நோய் உண்டு', 'நோய் இல்லை' என்று தாள் கொடுப்பது இங்கேதான். தாள் இருந்தால்தான் நரம்பு மருத்துவமனையில் மருந்து ஏற்றுவார்கள். அளக்கும் கருவியைப் பேராசிரியரின் ரத்தத்தை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தியிருந்தார்கள். பூஜ்யத்துக்கு மேலே போனால் நோய். கீழே இருந்தால் சுகம்.

ரொம்பப் பேர் ரொம்பக் கீழே போனார்கள். மைனஸ் முப்பத்தைந்து, மைனஸ் நாற்பது. இதென்ன சார் என்று முன்பொரு மாணவி கேட்டதற்கு, "சத்து குறைவும்மா. எல்லாருக்கும் என் ரத்தம் மாதிரி அடர்த்தியா இருக்குமா?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அறிக்கையில் 'சத்து குறைவு' என்று ஒரு கட்டமே அச்சடித்து வைத்துவிட்டார்கள்.

தட்டம்மாவும் ஏழு வருடம் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தவள்தான். அவளுடைய அக்கா வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அடித்துக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கு மின்வாரியத்தில் வேலை. கரண்ட் போனவர்கள் திட்டுவதைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. வாய்தான் அவளுக்குச் சொத்து.

"மூணு மணிக்கு மேல என் குரல் மூக்குக்குள்ள போயிடுதுடி," என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "நேத்து ஒருத்தர், 'உங்க ஆபீஸ்ல ஒரு பொம்பள குடிச்சிட்டுப் போன் எடுக்குது'ன்னு புகார் சொன்னார். அந்தப் புகாரையும் நான்தான் எழுதிக்கிட்டேன்."

தங்கை சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள், அக்காவின் இடது இமையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பாதிக் கண்ணில் திரை இறங்கியிருந்தது. பதினாறு வருடம் அந்த நோயோடு குடித்தனம் செய்தவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மறுநாளே ரத்தம் எடுத்து, தானே கருவியில் வைத்தாள்.

மைனஸ் இருபது. சுகம்.

ஒரு மாதம் கழித்து மைனஸ் பத்தொன்பது. அதற்கடுத்த மாதம் மைனஸ் இருபது. மூன்று தாளிலும் சுகம். மூன்றாவது தாளில் பேராசிரியர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'மனநல ஆலோசனை நலம் பயக்கும்.'

"பரவாயில்ல, அழகான கையெழுத்து," என்றாள் அக்கா. இமையை மேலே தூக்கி நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். "என் மேலதிகாரி இதைப் பார்த்துட்டு, 'உடம்பு சுகம், மனசுதான் சரியில்லன்னு விஞ்ஞானமே சொல்லுது'ங்கறார். மனசு என்னடி இமையையா பிடிச்சு இழுக்கும்?"

நரம்பு மருத்துவமனையின் வார்டு டாக்டர் இளம்பெண். வாயாடாதவள். அக்காவை ஆழமாக மூச்சிழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள். அக்கா இருபத்தாறு வரை போய் நின்றாள்.

"நாற்பது வரணும்," என்றாள் டாக்டர். "எனக்குத் தெரியுது. ஆனா தாள் இல்லாம மருந்து ரூம் சாவி எனக்குத் தர மாட்டாங்க."

அந்த மாதக் கடைசியில் அக்கா அலுவலகப் படியில் விழுந்தாள். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தொடை எலும்பு முறிந்தது. அறுவை செய்தவரிடம் தங்கை ஒரு வேண்டுகோள் வைத்தாள். அக்கா படுத்தபடியே கையெழுத்துப் போட்டாள். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. என் உடம்புல சதை மட்டும்தான் தாராளமா இருக்கு," என்றாள். அரிசி அளவு தசை ஒரு குழாயில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தது.

தட்டம்மா அதைப் பிரித்துத் தட்டில் விதைத்தாள். எட்டாம் நாள் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நூலாக நீண்டன. பன்னிரண்டாம் நாள் துடித்தன. உருப்பெருக்கியில் பார்த்தால், அக்கா பேசும்போது தாடை அசைவதைப்போல விட்டுவிட்டு ஒரு வெட்டு.

பக்கத்து அலமாரியில் ஆராய்ச்சிக்கூடத்தின் வழக்கமான தசை இருந்தது. அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. வயிற்றில் ஒரு சின்ன அறுவை நடந்தபோது பேராசிரியர் மறக்காமல் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்திருந்தார்.

அக்காவின் ரத்தநீரைப் பேராசிரியரின் தசை மேல் ஊற்றினாள். மறுநாள் காதுகளை எண்ணினாள். அப்படியே இருந்தன. இதை அவள் பல நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்ததுண்டு. 'தசை வளமாக இருக்கிறது' என்று குறித்துக்கொள்வது வழக்கம். அதே ரத்தநீரை அக்காவின் தசை மேல் ஊற்றினாள். பத்தில் ஏழு காதைக் காணோம்.

அதாவது ரத்தம் மட்டும் கதையை முடிப்பதில்லை. அதே எதிரி வந்தாலும் ஒரு தசை தாங்குகிறது, போன காதுக்குப் பதில் மளமளவென்று புதுக் காது முளைக்க வைக்கிறது. இன்னொரு தசைக்கு அந்தச் சுறுசுறுப்பு இல்லை. தசைக்கும் இதில் பங்கு இருக்குமோ என்று அவள் முன்பே ஒரு தடவை பேராசிரியரிடம் இழுத்திழுத்துச் சொன்னதுண்டு. "தசை வெறும் சுவரும்மா," என்றார் அவர். "கல்லெறியிறவன்தான் குற்றவாளி. சுவரை யாராவது விசாரிப்பாங்களா?" அது அவருடைய புத்தகத்தின் முதல் வரியும்கூட.

சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறைபெட்டியிலிருந்து 'சுகம்' குழாய் ஒன்றை எடுத்து உருக்கி, கை போன போக்கில், பழக்க தோஷத்தில், அக்காவின் தசை மேல் ஊற்றி வைத்தாள். ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக.

மறுநாள் காலை ஒரு காதுகூட இல்லை. நூல்கள் துடிக்கவில்லை.

தட்டம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தட்டு மாறிவிட்டதோ என்று பார்த்தாள். மாறவில்லை. மறுபடி செய்தாள், மூன்று முறை. பேராசிரியரின் ரத்தம் அவருடைய தசையை ஒன்றும் செய்யவில்லை. அக்காவின் தசையைத் துடைத்து எடுத்தது.

அப்புறம் தரை துடைக்கும் அம்மா, லிஃப்ட்காரர், தபால் பிரிக்கிறவர், காவலாளி, கேன்டீன்காரம்மா, கடைசியாகத் தான் என்று ஆறு பேரிடம் ரத்தம் எடுத்தாள். எல்லாரும் மைனஸ் முப்பத்தெட்டிலிருந்து நாற்பதுக்குள். எல்லாரும் 'சத்து குறைவு'. அக்காவின் தசையில் ஆறு பேரின் ரத்தமும் ஊற்றினாள். காதுகள் நலமாக இருந்தன.

ஆக, நோயில்லாத மனிதனுக்கு மைனஸ் நாற்பது. அக்காவுக்கு மைனஸ் இருபது என்றால் அவள் ரத்தத்தில் நோய் இருக்கிறது. பூஜ்யத்தில் இருப்பவருக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது. அவருடைய தசை முரட்டுத் தசை, அதனால் நாலு மாடி ஏறுகிறார். ரத்தத்தில் நோய் உள்ள ஒருவரையே ஆரோக்கியத்தின் அளவுகோலாக நிறுத்தி, அவரைவிட மோசமானவர்களுக்கு மட்டும் ஏழு வருடமாக மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

படங்களையும் எண்களையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

பேராசிரியர் பொறுமையாகத்தான் பார்த்தார். "யாருக்கு நோய்?" என்றார்.

"நோய்னு சொல்லல சார். ரத்தத்துல அந்தப் பொருள் இருக்கு. உங்க தசை தாங்குது. அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியல."

"நான் நல்லா இருக்கேன். அதனால எனக்கு நோய்."

"அப்படி இல்ல சார்..."

"ஏம்மா, பதினாறு வருஷமா தட்டு கழுவுற. தட்டுல அழுக்குப் பட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? கை சரியில்ல. வீட்ல பிரச்சினை, கை நடுங்குது. நாலு நாள் லீவு போடு."

"லீவு வேணாம் சார். வேற ஒருத்தர் ரத்தத்தை வச்சு ஒரே ஒரு தடவை அளந்து பார்க்கலாம். என் அக்கா..."

"ஆ!" என்றார் பேராசிரியர், நோயைக் கண்டுபிடித்த மருத்துவரின் நிம்மதியோடு. "அக்கா. இப்போ புரியுது." படங்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார். "ஏழு வருஷத் தாள் வெளியே போயிருக்கும்மா. அதையெல்லாம் யார் திருப்பி வாங்கறது? ஒரு குழு போடுவோம். நானே தலைமை தாங்குறேன்."

குழு கூடியது. முதல் கூட்டத்தில் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில் அந்தப் பெயரை மாற்றினார்கள்.

அதற்குள் அக்காவின் எண்ணிக்கை பதினான்குக்கு வந்துவிட்டது. வார்டில் சேர்த்தார்கள். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. பேசினால் தங்கைக்கு மட்டும்தான் புரியும்.

"எண்ணுங்க," என்றாள் வார்டு டாக்டர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஒன்பதில் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல... கணக்குல... இதைவிட நல்லா இருந்தேன்."

டாக்டர் தங்கையை வெளியே அழைத்துப் போனாள். "ஏழுக்கு வந்தா தொண்டையில குழாய் போட்டுடுவோம். மெஷின் மூச்சு விடும். அதுக்குத் தாள் வேண்டாம். ஆனா மருந்து இல்லாம மெஷின்ல போனவங்க திரும்பி வந்து நான் அதிகம் பார்க்கல. எப்படியாவது ஒரு தாள் கொண்டு வாங்க."

மறுநாள் புதன்கிழமை. அன்றைய தட்டில் நாற்பது நோயாளிகளின் ரத்தம். தட்டம்மா உறைபெட்டியைத் திறந்தாள். ஆறு பேரின் ரத்தநீரையும் கலந்து வைத்திருந்த குழாயை எடுத்தாள். அதன்மேல் 'சுகம்' என்று எழுதினாள். எழுதும்போது கை நடுங்கவில்லை, அதைக் கவனித்துவைத்துக்கொண்டாள். கருவியை அதை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தினாள்.

அக்கா: பிளஸ் பதினெட்டு. நோய் உண்டு.

வழக்கமாக நாற்பதில் மூன்று பேர்தான் நோயாளிகள் என்று தேறுவார்கள். அன்று பதினோரு பேர். அந்த ஆராய்ச்சிக்கூடம் ஏழு வருடத்தில் முழு உண்மை பேசிய ஒரே நாள் அதுதான். அதற்கு ஒரு பொய்ச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது.

தாள்களில் கையெழுத்துப் போட வந்த பேராசிரியர் எண்களைப் பார்க்கவில்லை. 'சுகம்' குழாய்க்குக் கருவி காட்டிய மூல அளவை மட்டும் பார்த்தார். அது வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"பாத்தியாம்மா!" என்றார். "காலையில ஓட ஆரம்பிச்சேன் இல்ல? ரத்தம் இன்னும் சுத்தமாயிருக்கு." பதினோரு தாளிலும் மளமளவென்று கையெழுத்து விழுந்தது.

சாயந்திரம் அக்காவுக்கு மருந்து ஏறியது. ஐந்து நாள் ஏற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் நரம்பு மருத்துவமனையிலிருந்து பேராசிரியருக்குப் போன் வந்தது. ஒரே நாளில் பதினோரு பேரா, ஏதாவது பரவுகிறதா என்று கேட்டார்கள். பேராசிரியர் இறங்கி வந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். இந்தத் தடவை கதவை மூடச் சொன்னார். புதிதாக ரத்தம் கொடுத்து, அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்று, நாற்பதையும் மறுபடி அளக்கச் சொன்னார். பதினொன்று மூன்றானது. அக்கா மறுபடி மைனஸ் இருபது.

"புதன்கிழமை என்ன நடந்தது?"

அவள் சொன்னாள். மறைக்க அவளுக்கு இனி ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு, "இப்பவாவது பாருங்க சார்," என்று அந்தப் பழைய படங்களை மறுபடி மேஜையில் வைத்தாள்.

பேராசிரியர் படங்களைத் தொடவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. பெரிய பாரம் இறங்கியவரைப்போல இருந்தார்.

"சீட்டு மாத்தி ஒட்டுறவ கையால செஞ்ச சோதனைய எப்படிம்மா நம்பறது?" என்றார்.

பதிலே இருக்க முடியாத கேள்வி அது என்று கேட்டவருக்கும் தெரியும்.

அன்றே வேலை போனது. காரணம்: 'கைப்பணியில் நம்பகத்தன்மை இன்மை.' கடைசி வேலையாக, எட்டுத் திருத்தக் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டச் சொன்னார்கள். 'தங்களுக்கு நோய் இல்லை என மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.' ஒட்டினாள். ஒட்டாமல் கிழித்திருக்கலாம் என்று பஸ்ஸில் போகும்போது தோன்றியது. பிரதி இருக்கும், இன்னொருத்தி ஒட்டுவாள் என்றும் தோன்றியது. இரண்டாவது எண்ணம் வசதியாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டாள். அக்காவின் தசையைத் திருப்பிக் கேட்டதற்கு, அது ஆராய்ச்சிக்கூடத்தின் சொத்து என்றார்கள்.

வார்டு டாக்டர் மேஜையில் எட்டில் ஒரு கடிதம் இருந்தது. பிரிக்கப்படவில்லை.

"ஏதோ வந்திருக்கு," என்றாள் டாக்டர், நிமிராமலே. "வேலை ஜாஸ்தி. திங்கட்கிழமை படிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமையோடு ஐந்து நாள் முடிந்தது. அக்கா இருபத்திரண்டு வரை எண்ணினாள்.

மற்ற ஏழு பேருடைய வார்டுகளில் கடிதங்களை உடனுக்குடன் படிக்கும் ஒழுங்கான டாக்டர்கள் இருந்தார்கள்.

எட்டு மாதம் கழிந்தது. தட்டம்மா இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். அங்கே அவளை யாரும் தட்டம்மா என்று கூப்பிடுவதில்லை, எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை. அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஒரு காலை, மேஜையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏண்டி! இங்க வா. நான் பேப்பர்ல வந்திருக்கேன்."

பேராசிரியருக்கு விருது. அவருடைய புதிய கண்டுபிடிப்புக்காக. அக்கா ஆழமாக மூச்சிழுத்து ஒரே மூச்சில் படித்தாள்: "'தசை வெறும் சுவர் அல்ல. நோய் வருவதும் வராததும் தசையின் தரத்தைப் பொறுத்தது என்பதை அவர் முதன்முதலாக நிறுவியுள்ளார். பெயர் வெளியிடப்படாத ஒரு பெண்ணின் தசையில் நடந்த சோதனையில், அது முழு ஆரோக்கியமான மனிதரின் சுத்தமான ரத்தத்தைக்கூடத் தாங்க முடியாத அளவுக்குப் பலவீனமாக இருந்தது...'"

மூச்சு அங்கே தீர்ந்தது. மறுபடி இழுத்துக்கொண்டாள்.

"ஆக, தப்பு என் தொடை மேலதான்."

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அவர் ரத்தம்?"

"சுத்தம்."

"பூஜ்யக் கோடு?"

"அங்கேயேதான் இருக்கு. நேத்து கடைக்கு ஒருத்தர் வந்தார். இமைக்கு ஒட்டுறதுக்குப் பிளாஸ்திரி இருக்கான்னு கேட்டார்."

அக்கா தாளை மடித்தாள். படத்தில் பேராசிரியர் மேடையில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மடிப்பு சரியாக அவர் முழங்கை மேல் விழுந்தது.

"கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"தோல் அரிக்காத ரகமா?"

"ம்."

"அதுதான் நல்லது," என்றாள் அக்கா. "ரொம்ப நாள் ஒட்ட வேண்டியிருக்கும்."